தூண்டில் பக்கம்: குளம், சானல், ஆறு

குமரி மாவட்டச் சானல்களில், அதாவது அணையிலிருந்து வரும் பாசனக் கால்வாய்களில், தண்ணீர் விட்டதிலிருந்து கடிதங்கள் கூடிவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்தத் தூண்டில் நல்லது? தூண்டில் சரியில்லாமல் மீன் தப்புவது குறைவு. ஆழம் பார்க்காமல் போடுவது, தண்ணீர் இருக்கும் நிலை தெரியாமல் நேரம் குறிப்பது, இந்த இரண்டில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். இந்த இதழில் எடுத்துக்கொண்ட கடிதங்களும் அதைத்தான் காட்டுகின்றன.

பள்ளி விடுமுறையில் பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு ஊர்க்குளத்துக்குப் போக ஆசை. ரீல், ராடு எல்லாம் வாங்க வேண்டுமா, கம்பு போதுமா? எனக்கே இது புதுசு.
– வில்லுக்குறி வாசகர்

கம்பு போதும். ஆரம்பத்தில் கம்புதான் நல்லது. ரீல் வந்தால் பையன் வீசிப் பழகுவானே தவிர மீன் பிடிக்கப் பழகமாட்டான்.

உங்களுக்கு 10 முதல் 12 அடி, பையனுக்கு 7 அடி மூங்கில். பச்சையாக வெட்டினது கனக்கும், வளைந்தால் நிமிராது. நிழலில் மூன்று வாரமாவது காய்ந்ததாக எடுங்கள். தங்கூசு, அதாவது தூண்டில் நைலான் நூல், 0.25 மி.மீ. தடிமன் போதும். அதைக் கம்பின் நுனியில் மட்டும் கட்டாதீர்கள். நுனிக்கு இரண்டடி கீழே ஒரு கட்டு, அங்கிருந்து நாலைந்து சுற்று சுற்றிக்கொண்டு போய் நுனியில் இன்னொரு கட்டு. நுனி முறிந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது. தொங்கும் தங்கூசின் நீளம் கம்பை விட அரை அடி குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் கம்பை நிமிர்த்திப் பிடித்தால் தூண்டில் முள் தானாக உங்கள் நெஞ்சுக்கு நேரே வரும். நீளம் கூடிப்போனால் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பிடிக்கிற வேலைதான், பையன் கையில் முள் ஏறுவதும் அப்படித்தான்.

முள் 10-ஆம் நம்பர். கடையில் நம்பர் கூடக்கூட முள் சின்னதாகும் என்பதை நினைவில் வையுங்கள். 4-ஆம் நம்பர் 10-ஐ விடப் பெரியது. 1/0, 2/0 என்று வருபவை அதற்கும் மேலே பெரியவை, அங்கே மட்டும் எண் கூடினால் முள்ளும் கூடும். வாங்கினதும் முள்ளின் எதிர்க்கொக்கியை (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் துருத்தும் சின்னப் பல்லை) குறட்டால் அமுக்கி விடுங்கள். மீன் ஒன்றிரண்டு நழுவும், ஆனால் விரலில் ஏறினால் வந்த வழியே வெளியே வரும்.

முள்ளைக் கட்ட: தங்கூசை முள்ளின் காதுத் துளைக்குள் விட்டு, நுனியை மேலே போகும் தங்கூசின் மீது ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் உண்டான சின்ன வளையத்துக்குள் நுனியை விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு, எச்சில் தொட்டு நனைத்துப் பைய இழுங்கள். காய்ந்தபடி சடக்கென்று இழுத்தால் உரசல் சூட்டில் நைலான் பலம் போய்விடும். ‘பெரிய மீன், அறுத்துக்கொண்டு போய்விட்டது’ என்று சொல்கிறவர்களின் தங்கூசு நுனியைப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் அறுத்தது மீன் இல்லை, கட்டு அவிழ்ந்திருக்கிறது.

மிதப்புக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டுவது நம்மூர் வழக்கம். அது மிதக்கும், ஆனால் ரொம்ப மிதக்கும். சின்ன மீன் இழுக்கும்போது அதன் வாயில் பாரம் தட்டும், உடனே துப்பிவிடும். வாத்து அல்லது கோழி இறகின் தண்டில் ஒரு விரல் நீளத்துக்கு எடுத்து, சைக்கிள் வால்வு டியூபில் வெட்டின இரண்டு வளையத்தால் தங்கூசோடு சேர்த்துப் பிடியுங்கள். ஏற்றலாம், இறக்கலாம். முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயம். தண்டின் நுனி ஒரு செ.மீ. மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஈயத்தைக் கூட்டிக் குறையுங்கள். இதை வீட்டில் பக்கெட் தண்ணீரில் வைத்தே முடித்துவிடலாம்.

இனி முக்கியமான வேலை, ஆழம் பார்ப்பது. இரை மாட்டும் முன்னால் முள்ளில் ஒரு சைக்கிள் நட்டைத் தொங்கவிட்டு, நீங்கள் தூண்டில் போடப்போகும் அதே இடத்தில் இறக்குங்கள். மிதப்பு முழுகிப்போனால் ஆழம் இன்னும் இருக்கிறது; மிதப்பை மேலே ஏற்றுங்கள். மிதப்பு படுத்துக்கொண்டால் தங்கூசு கூடிப்போச்சு, இறக்குங்கள். நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்போது நட்டு தரையைத் தொட்டு நிற்கிறது என்று அர்த்தம். இப்போது நட்டைக் கழற்றுங்கள். தரையோடு மேயும் மீனுக்கு இந்த அளவே சரி. சிலேபி (திலாப்பியா) மீனுக்கு ஒரு சாண் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. செய்கிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

சிலேபி கடித்தால் மிதப்பு துடித்துவிட்டுப் பக்கவாட்டில் நகரும். நகரும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். மிதப்பு உயர்ந்து சாய்ந்தால் தரையிலிருந்து ஒரு மீன் இரையைத் தூக்கியிருக்கிறது, அப்போதும் சுண்ட வேண்டும். முழுகும் வரை காத்திருப்பது அவசியமில்லை.

ஒரு கண்டிப்பு. மடைப் பக்கம் பையனை உட்கார வைக்காதீர்கள். மீன் அங்கே கூடும் என்பது உண்மை, மடை திறந்திருக்கும்போது தண்ணீர் உள்ளே இழுக்கும் என்பதும் உண்மை. கரை சாய்வாக இறங்குகிற, முழங்காலளவு தண்ணீருள்ள பக்கமாகப் பாருங்கள்.

கட்லாவுக்கு மாவு பிசைந்து போடுகிறேன். தண்ணீரில் விழுந்ததும் கரைந்துவிடுகிறது. கெட்டியாகப் பிசைந்தால் மீன் தொடுவதில்லை.
– தக்கலை வாசகர்

கடலைப் பிண்ணாக்குப் பொடி 250 கிராம். வாணலியில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் மணம் எழும் வரை வறுங்கள். கருக விட்டால் கசக்கும். அரிசித் தவிடு 100 கிராம், மைதா 50 கிராம். அவித்த மரச்சீனிக் கிழங்கு 150 கிராம், நரம்பு எடுத்து மசித்தது. மசித்த கிழங்கோடு மற்றதைச் சேர்த்துப் பிசைந்துவிட்டு, பிறகு தேவைப்பட்டால் மட்டும் கையை நனைத்து நனைத்துப் பிசையுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது. ஈரத்துணியில் மூடி அரை மணி நேரம் வைத்தால் தவிடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீங்கள் இந்த அரை மணியைத் தவிர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிசைந்த உடனே சரியாகத் தோன்றும் மாவு குளக்கரைக்குப் போவதற்குள் வெடித்துவிடும்.

ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் உருண்டையாக நிற்க வேண்டும், பத்தாவது நிமிடம் ஓரம் கலங்கத் தொடங்க வேண்டும். கலங்கவே இல்லை என்றால் மைதா கூடிவிட்டது. அந்த மாவு மணம் விடாது. மீன் வாயில் எடுத்தாலும் முள் அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே வராது.

இன்னொரு விஷயம், கட்லாவை எங்கே தேடுகிறீர்கள்? அதன் வாய் மேல்நோக்கி இருக்கும். மேல்மட்டத்தில் மேயும் மீன். ரோகு நடுமட்டம். மிருகாலின் வாய் கீழ்நோக்கி, அது தரையைக் கிளறும். எட்டடி ஆழக் குளத்தில் கட்லாவுக்கு முள்ளைத் தரையில் போட்டால் அங்கே மிருகாலும் கெளுத்தியும்தான் வரும். மூன்றடியில் நிறுத்திப் பாருங்கள். முள் 4 அல்லது 6, தங்கூசு 0.35 மி.மீ.

மீனைக் கூட்டத் தீவனமாக அதே மாவில் மைதாவை விட்டுவிட்டு, குளத்து மண்ணும் சேர்த்து ஆரஞ்சு அளவு உருண்டைகள். முதலில் மூன்று போடுங்கள், அப்புறம் அரை மணிக்கு ஒன்று. ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் மீனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வெறும் கையோடு போவார்கள்.

‘விடியும் முன் போனால்தான் கடிக்கும்’ என்கிறார்கள். எங்கள் ஊர் தாமரைக் குளத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்று நாள் போனேன். மீன் மேலேயே தெரிகிறது, ஒன்றும் கடிக்கவில்லை. எட்டரைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு போகிறார்.
– தேரூர் வாசகர்

பக்கத்து வீட்டுக்காரர் சரியாகத்தான் செய்கிறார். பகலில் தாமரையும் பாசியும் தண்ணீருக்குப் பிராணவாயு கொடுக்கும். இரவில் வெளிச்சம் இல்லாததால் அதே செடிகள் மீனோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்ளும். அதனால் செடி மண்டிய, ஓட்டமில்லாத குளத்தில் பிராணவாயு மிகக் குறைவாக இருப்பது சூரியன் உதிக்கும் முன்தான். நீங்கள் பார்த்த மீன் விளையாடவில்லை, இரை தேடவும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு மேல்தண்ணீரில் மூச்சுக்குத் தவிக்கிறது. அந்த நேரம் மூக்குக்கு முன்னால் எதைக் காட்டினாலும் தொடாது. வெயில் ஏறி ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகட்டும்.

‘விடியும் முன்’ என்பது ஆற்றுக்கும் சானலுக்கும் பொருந்தும். ஓடும் தண்ணீரில் இந்தக் குறை வராது. குளத்திலும் விரால், பனையேறி, தேளி மூன்றுக்கும் விதிவிலக்கு உண்டு. அவை மேலே வந்து காற்றை நேராகக் குடிப்பவை.

நாலைந்து நாள் தொடர்ந்து மூடாப்பாக இருந்தால் பகலிலும் இந்தத் தவிப்பு நீளும். அப்படிச் செத்து மிதக்கும் மீனை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். மூச்சு முட்டிச் செத்ததா, வயலிலிருந்து மருந்து இறங்கிச் செத்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறேன். அடிக்கிற சத்தம் கேட்கிறது, இழுத்தால் தவளை மட்டும் பறந்து முகத்துக்கு வருகிறது.
– திங்கள்சந்தை வாசகர்

சத்தம் கேட்டதும் இழுக்கிறீர்கள். அதுதான் தப்பு. விரால் கீழிருந்து அடிக்கும்போது தண்ணீரையும் சேர்த்து அள்ளுகிறது. தவளை வாய்க்குள் திரும்பி, மீன் கீழே போகத் தொடங்க ஒன்றிரண்டு நொடி பிடிக்கும். சத்தம் கேட்டதும் கம்பின் நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றுங்கள். கையில் பாரம் தெரிந்த பிறகு இரண்டு கையாலும் ஓங்கி இழுங்கள். காதை நம்பக் கூடாது, கையை நம்ப வேண்டும்.

அதையும் செய்து தவறுகிறது என்றால் தவளையைப் பாருங்கள். இரட்டை முள் இரண்டும் ரப்பர் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறதா? குறட்டால் ஒவ்வொன்றையும் 2 மி.மீ. வெளிப்பக்கம் விரியுங்கள். அதற்கு மேல் விரித்தால் தாமரைத் தண்டில் மாட்டும். ரப்பரை விரலால் அமுக்கினால் முள் உடனே வெளியே தெரிய வேண்டும்; தெரியவில்லை என்றால் அந்த ரப்பர் கடினம், எத்தனை அடி வாங்கினாலும் பிரயோசனம் இல்லை. நாலைந்து வீச்சுக்கு ஒரு தடவை உள்ளே ஏறின தண்ணீரைப் பிழிந்து விடுங்கள்.

நூல் எது என்று நீங்கள் எழுதவில்லை. நைலானாக இருந்தால் மாற்றுங்கள். நைலான் இழுபடும், இருபது அடி தள்ளி நீங்கள் ஓங்கினது மீன் வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிடும். விராலின் வாய் எலும்பு. 40 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், ஆறரை முதல் ஏழடிக்குள் விறைப்பான ராடு, டிராக் (மீன் இழுக்கும்போது நூலைப் பிடித்து விடும் ரீல் பிரேக்) கிட்டத்தட்ட முழுக்க இறுக்கி. மாட்டினதும் விளையாட விடாமல் இலைக்கு மேலே இழுத்துக்கொண்டு வாருங்கள். தண்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டால் அது வராது.

உயிர்த்தவளை வேண்டாம். வயல் பூச்சியைத் தின்பது அதுதான்.

அப்புறம் இதையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு முறம் அகலத்துக்குச் செம்மஞ்சளாகப் பொடிக்குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல எழுந்து எழுந்து அடங்கும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் பசிக்காக அல்ல, கோபத்தில் அடிக்கும். பிடிப்பது சுலபம், அதனால்தான் சிலர் தேடிப்போய்ப் பிடிக்கிறார்கள். பெரியது போன கொஞ்ச நேரத்தில் சிலேபியும் கெளுத்தியும் குஞ்சு முழுவதையும் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருஷம் ‘குளத்தில் விராலே இல்லை’ என்று நமக்குக் கடிதம் எழுதுவதும் அவர்கள்தான்.

தூண்டிலில் ஆமை மாட்டியது. கழற்றத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
– பூதப்பாண்டி வாசகர்

நீங்கள் எழுதின அடையாளத்தைப் பார்த்தால் பாலாமை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். வீட்டில் வைத்திருப்பதே குற்றம்; வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். இனி மாட்டினால் கரையிலேயே ஈரத்துணியால் தலையை மூடி, முள் உதட்டில் இருந்தால் நீள்மூக்குக் குறட்டால் கழற்றுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் நீங்களாகத் தோண்டாதீர்கள். தங்கூசில் ஒரு சாண் விட்டு வெட்டி, வனத்துறையைக் கூப்பிடுங்கள். கழுத்து நீளும், விரலைக் கடிக்கும்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தூண்டில் போடலாமா? திற்பரப்புக்குக் கீழே ஆற்றில் போடலாமா? சானல்களில் எப்போது போடலாம்?
– குலசேகரம் வாசகர்

அணைக்குள் கேட்காமல் போடக் கூடாது. தண்ணீர் நீர்வளத் துறைக்கு, மீன் மீன்வளத் துறைக்கு அல்லது அவர்களிடம் உரிமை எடுத்தவர்களுக்கு, சுற்றியுள்ள காடு வனத்துறைக்கு. மேலே உள்ள காடு வன உயிரினச் சரணாலயம். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, கொடுத்தால் சீட்டை வாங்கிக்கொண்டு போங்கள். ஊர்க்குளங்களிலும் இதே கதைதான்: மீன் குத்தகை ஒருவருக்கு, தாமரைக் குத்தகை வேறொருவருக்கு இருக்கும். ‘ஒரு தூண்டில்தானே’ என்பது குத்தகைக்காரர் காதில் நன்றாக விழாது. காவல்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பல இடத்தில் அவரே இடம் காட்டுவார்.

சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. வலசைப் பறவை வந்து தங்கும் மாதங்களில் அங்கே தூண்டிலை விட்டுவிடுங்கள். எங்கே போட்டாலும் அறுந்த தங்கூசை ஒரு முழம்கூடக் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலில் சுற்றினால் அது அவிழ்வதில்லை, இறுகத்தான் செய்யும். தண்ணீரில் வெடித் தோட்டா போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் சிலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஆற்றுக்கு வருவோம். திற்பரப்பு இருப்பது கோதையாற்றில், பேச்சிப்பாறைக்குக் கீழே. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் ஓடுவது பரளியாறு, அதற்கு மேலே பெருஞ்சாணி. இரண்டும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் போகிறது. ஆக, நீங்கள் நிற்கும் பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே அணையின் மறுகால் (உபரித் தண்ணீர் மதகு) திறந்திருக்கலாம். பேப்பரில் தினமும் அணை மட்டம் போடுகிறார்கள்; முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டின நாட்களில் கோதையாற்றுப் பாறைகளில் இறங்கவே வேண்டாம். மற்ற நாட்களில் தண்ணீரோரத்தில் ஒரு கல்லின் மேல் கோடு கிழித்துவிட்டு உட்காருங்கள். கோடு நனைந்தால், அல்லது தெளிந்த தண்ணீரில் சருகும் நுரையும் வரத் தொடங்கினால், பையைக்கூடப் பார்க்காமல் கரையேறுங்கள். நடு ஆற்றுப் பாறைக்கு நடந்து போகிற வழி முதலில் மூடிக்கொள்ளும்.

சானல்களைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி முதல் போகமான கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டு, இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். விட்ட முதல் இரண்டு நாள் குப்பையும் கலங்கலும்தான் வரும். தெளியத் தொடங்கும்போது மதகுக்குக் கீழே தண்ணீர் சுழலும் ஓரங்களில் கெளுத்திக்கு மண்புழு, முள் 8. அடைத்த பிறகு ஆங்காங்கே தேங்கும் குட்டைகளில் ஆரல் உண்டு. அந்தி மயங்கினதும் 12-ஆம் நம்பர் முள்ளில் புழுத் துண்டு. ஆரலின் முதுகு முள் கையைக் கிழிக்கும், துணியோடு பிடியுங்கள்.

தேங்காப்பட்டணம் பொழியில் (ஆறு கடலில் சேரும் இடத்தில்) கறிமீன் எப்போது, எதற்குக் கடிக்கும்? இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகிறது.
– புதுக்கடை வாசகி

வாய் சின்னது, முள் பெரியது, அவ்வளவுதான். 10-ஐ விட்டு 12-க்கு இறங்குங்கள். தங்கூசு 0.20 மி.மீ. இரையை முள்ளின் நுனி மூடும் அளவுக்கு மட்டும்: தொலி உரித்த இறால் ஒரு பயறு அளவு, இல்லையென்றால் மைதா மாவு. பாலத் தூணிலும் தென்னங்குற்றியிலும் ஒட்டியிருக்கும் பச்சைப் பாசியை முள்ளில் சுற்றிப் பாருங்கள். கறிமீனுக்கு அது அன்றாடச் சாப்பாடு, காசும் இல்லை. முதல் துடிப்பில் இழுக்காதீர்கள், இரண்டாவது அமுங்கலில் இழுங்கள்.

நேரத்தைக் கடலின் ஏற்ற வற்றத்தை வைத்துக் குறியுங்கள், கடிகாரத்தை வைத்தல்ல. ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும், வற்றத் தொடங்கும் முதல் மணியும். நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் இன்று காலை ஏழுக்குக் கடித்தால் நாளை எட்டுக்குக் கொஞ்சம் முன்னால். கோடையில் ஆற்றில் ஓட்டம் குறையும்போது உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். மழையில் கீழே தள்ளப்படும். எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அறியக் கரைக்கல்லைத் தடவுங்கள். சிப்பி ஒட்டியிருக்கும் இடம் வரை உப்பு வழக்கமாக வருகிறது. கல் அடுக்கு, தூண், மரக்குற்றி இவற்றின் பக்கத்தில் ஒரு முழத்துக்குள் போட வேண்டும், வெட்டவெளியில் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு பேரிங்குக்குள் போய் உட்காரும்.

புது ரீல். பத்து வீச்சுக்குள் நூல் சுருண்டு குருவிக்கூடு ஆகிறது.
– நாகர்கோவில் வாசகர்

நூலை விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். வீசினதும் நூலைத் திறந்துவிடும் வளைந்த கம்பியைக் கைப்பிடியைச் சுழற்றி மூடாமல் கையால் மூடி, நூலை ஒரு தடவை இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்றுங்கள். டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் நூலுக்கு முறுக்கு. ஏற்கனவே முறுக்கேறினதைச் சரிசெய்ய, முள், ஈயம் எல்லாவற்றையும் கழற்றி வெறும் நூலை ஓடும் சானலில் முப்பது மீட்டர் விட்டு ஐந்து நிமிடம் பிடித்திருந்தால் தானாக அவிழும்.

தேளி மீன் குத்திவிட்டது. இரண்டு நாளாகக் கை கடுக்கிறது.
– திருவட்டார் வாசகர்

இரண்டு நாள் ஆகிவிட்டது என்றால் இதைப் படித்து முடிக்கும் முன் மருத்துவரிடம் போங்கள்; முள் துணுக்கு உள்ளே இருக்கலாம். தேளியின் பக்கத்துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. குத்தின உடனே செய்ய வேண்டியது: காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி வரை முக்கி வைப்பது. சூட்டில் வலி இறங்கும். குத்தின கையால் சூடு பார்க்காதீர்கள், அது மரத்திருக்கும். மற்றக் கையால் பாருங்கள். கயிறு கட்டி இறுக்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முள்ளைக் கழற்றும்போது தேளியைத் துணி வைத்துத் தரையோடு அமுக்கிப் பிடிக்க வேண்டும், உள்ளங்கையில் எடுக்கக் கூடாது.

முழங்கை நீளத்தில் கறுப்பாக ஒரு கெளுத்தி. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்கிறார்கள். பாவம் என்று திரும்ப விட்டுவிட்டேன்.
– இரணியல் வாசகர்

தட்டையான பெரிய தலை, எட்டு மீசை, தலைக்குப் பின்னாலிருந்து வால் அருகே வரை நீளும் ஒரே முதுகுத்துடுப்பு இருந்ததா? முதுகுத்துடுப்பு குட்டையாக இருந்தால் அது வேறு மீன். நீளமாக இருந்து, உடம்பும் அத்தனை பெரிதாக இருந்தால் அவர்கள் சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு. இதை வளர்க்க 2000-இலேயே தடை வந்தது. பண்ணைக் குட்டையிலிருந்து மழையில் தப்பி வருவது. அயிரை, கெண்டை, முட்டை, குஞ்சு, தவளை என்று ஒன்றையும் விடாது. பாவம் பார்க்க வேண்டியது மற்ற மீன்களுக்கு. அடுத்த தடவை திரும்ப விடாதீர்கள், உயிரோடு வேறு குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள்.

அவர் பிடித்துக்கொண்டு வரும் குளத்து மீனில் மண்வாடை. குழம்பு வைத்தால் பிள்ளைகள் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?
– மார்த்தாண்டம் வாசகி

அந்த வாடை மண்ணிலிருந்து வருவதில்லை. நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பிலும் தொலியிலும் சேர்கிறது. குளம் வற்றிப் பச்சையாகக் கிடக்கும் மாதங்களில் கூடுதல், புதுத்தண்ணீர் வந்தபின் குறைவு. அதனால் கோடையில் பிடித்ததை அவர் உயிரோடு கொண்டுவந்தால் தொட்டியில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் இரை போடாமல் விடுங்கள், பாதி வாடை போய்விடும்.

செத்த மீனென்றால் தொலியை உரித்துவிடுங்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைக் கல்லுப்பு வைத்துத் தேய்த்து எடுங்கள், முதுகெலும்போடு ஓடும் இரத்தத்தையும் நகத்தால் சுரண்டி எடுங்கள், வயிற்றோரக் கொழுப்பை வெட்டிவிடுங்கள். ஒரு கிலோவுக்கு எலுமிச்சை அளவு வாளன்புளியை (சாதாரணப் புளியை) கரைத்த தண்ணீரில் 20 நிமிடம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். புளிப்பு அந்தப் பொருளைச் சிதைக்கும். உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டுக் கழுவுவதால் கவிச்சி போகும், மண்வாடை போகாது. குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றுவதை இந்த மீனுக்கு மட்டும் குறைத்து, கொடம்புளி இரண்டு சுளை கூடப் போட்டு, நல்லமிளகு தூக்கலாக வையுங்கள். அப்படியும் பிள்ளைகள் தொடவில்லை என்றால் அவரை அடுத்த வாரம் குளத்தை விட்டு ஆற்றுக்கு அனுப்புங்கள்.